கேக் ஸ்மாஷுக்கு முன் தயிர்சாதம்!

முதல் பிறந்தநாள் போட்டோ ஷூட்டுக்குக் குழந்தையைத் தயார்படுத்துவது எப்படி? தேதி, கேக், உடை, ஸ்டுடியோ, பாதுகாப்பு... பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி.

முதல் பிறந்தநாள் அழைப்பிதழ் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. திறந்தால், முகமெல்லாம் க்ரீம் அப்பிய ஒரு குழந்தை இரண்டு கையிலும் கேக்கை அள்ளிக்கொண்டு நாலு பல் தெரியச் சிரிக்கிறது. பின்னால் பலூன் வளைவு, மரத்தில் வெட்டிய ‘ஒன்’ என்ற எழுத்து. கீழே மண்டபத்தின் பெயரும் நேரமும். சென்னை, கோவை, மதுரை என்று பெருநகரங்களில் பார்த்த இந்த ‘கேக் ஸ்மாஷ்’, இன்று சின்ன ஊர் ஸ்டுடியோ போர்டுகளிலும் ‘மெட்டர்னிட்டி, நியூபார்ன், கேக் ஸ்மாஷ்’ என்ற வரிசையில் இடம்பிடித்துவிட்டது.

விஷயம் இதுதான். குழந்தைக்கென்றே ஒரு சின்ன கேக் செய்து, அதன் முன்னால் வைத்துவிட வேண்டும். பிய்த்தாலும் பிசைந்தாலும் எறிந்தாலும் தடுக்கக் கூடாது. போட்டோகிராபர் எடுத்துக்கொண்டே இருப்பார். அமெரிக்கக் குடும்பங்களின் பிறந்தநாள் வழக்கமாக இருந்தது, 2010-ல் பின்டரெஸ்ட்டும் இன்ஸ்டாகிராமும் வந்தபின் கடல் தாண்டியது. அதற்கு முன்பே, 1996-ல் வெளியான ‘டவுன் இன் தி கார்டன்’ புத்தகத்தில் பூவுக்குள்ளும் தொட்டிக்குள்ளும் குழந்தைகளை வைத்துப் படமெடுத்து, குழந்தைப் போட்டோவுக்குத் தனிச் சந்தையே உண்டு என்று காட்டியவர் ஆன் கெடஸ்.

நம் வீட்டு ஆல்பங்களிலும் இதற்கு ஒரு மூத்த தலைமுறை உண்டு. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு குப்புறப் படுத்து, தலையைத் தூக்கிப் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் படத்தில் குழந்தை தனக்குத் தெரிந்ததைச் செய்தால் போதும். கேக் ஸ்மாஷில் நாம் எதிர்பார்ப்பதைச் செய்ய வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அழைப்பிதழில் வந்த படத்தின் பின்கதை பல நேரம் இப்படி இருக்கும்: காலை 11 மணிக்கு ஷூட். குழந்தை காரிலேயே தூங்கிவிட்டது. எழுப்பி, உடை மாற்றி, தலையில் பேண்ட் மாட்டி, கண் கூசும் வெளிச்சத்தின் நடுவில் உட்கார வைக்கிறார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்த கேக் கல்லாக இருக்கிறது. குழந்தை கேக்கைப் பார்க்கிறது, அம்மாவைப் பார்க்கிறது, உதட்டைப் பிதுக்குகிறது. “தங்கம், கேக் பாருடா... தொடு, தொடு” என்கிறார் அப்பா. “இங்க பாரு, சித்தியப் பாரு” என்று கிலுகிலுப்பை ஆட்டுகிறார் சித்தி. “எதுக்குப்பா புள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?” என்கிறார் பாட்டி. பொறுமை இழந்த யாரோ ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக் க்ரீமுக்குள் அழுத்துகிறார். அவ்வளவுதான். வீறிட்ட அழுகை, அன்றைய ஷூட் முடிந்தது.

அழுகைக்கு மூன்று காரணம்

முதல் காரணம் வயது. எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒரு வயதைத் தாண்டியும், புதிய முகத்தைக் கண்டால் மிரள்வதும் அம்மா இரண்டடி நகர்ந்தால் கதறுவதும் குழந்தைகளின் இயல்பு. மூளை சரியாக வளர்கிறது என்பதற்கே அது அடையாளம். நாம் ஷூட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் வயதோ மிகச் சரியாக அந்த மிரட்சி உச்சத்தில் இருக்கும் வயது.

இரண்டாவது காரணம் தொடுஉணர்வு. க்ரீம் குளிர்ச்சியாக இருக்கும், ஒட்டும், உதறினாலும் விடாது. புல்லில் முதல்முறை கால் வைக்கும்போது காலைத் தூக்கிக்கொள்ளும் குழந்தை, இங்கே கையைத் தூக்கிக்கொள்கிறது.

மூன்றாவது காரணம் நம் வீட்டுப் பழக்கம். குழந்தையை இடுப்பில் வைத்துக் காக்காவையும் நாய்க்குட்டியையும் காட்டி, அது போதாமல் இப்போது செல்போனையும் காட்டித்தான் நாம் ஊட்டுகிறோம். சோறு அம்மாவின் விரலிலிருந்து வருவது. குழந்தை கிண்ணத்தில் கைவைத்தால், “கொட்டிடாதே” என்று அந்தக் கை பிடிக்கப்படும். சில வீடுகளில் குழந்தையின் இரண்டு கையையும் இடது கைக்குள் அடக்கிக்கொண்டு வலது கையால் ஊட்டுவார்கள். ஒரு பருக்கை சிந்தினாலும் உடனே துண்டு வந்து துடைக்கும். சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் பழக்கிவிட்டு, ஒருநாள் ஸ்டுடியோவில் உட்கார வைத்து, “ரெண்டு கையாலயும் அள்ளு” என்றால் அது என்ன செய்யும்? அம்மாவைப் பார்த்து வாயைத் திறக்கும். ஊட்டுவார்கள் என்று காத்திருக்கும்.

ஆகவே கேக் ஸ்மாஷுக்கான தயாரிப்பு ஸ்டுடியோவுக்கு ஒரு மாதம் முன்பு, வீட்டுத் தரையில், ஒரு தட்டுச் சோற்றோடு தொடங்க வேண்டும்.

ஒரு மாதத் தரைப் பாடம்

ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துச் சின்னப் பொருளைப் பொறுக்கும் திறமை குழந்தைக்கு வந்துவிடுகிறது. கை தயார். அனுமதிதான் பாக்கி.

குளிப்பாட்டுவதற்கு அரைமணி நேரம் முன்பு, தரையில் பழைய பெட்ஷீட்டை விரியுங்கள். குழந்தைக்கு டயப்பர் மட்டும் போதும். விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு, அது வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி. தட்டில் குழைந்த தயிர்சாதம், மசித்த வாழைப்பழம், வேகவைத்த பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பிய்த்த இட்லி... ஏதாவது ஒன்று. கொலைப் பசியிலும் வேண்டாம், வயிறு நிரம்பியும் வேண்டாம்.

முதல் நாள் ஒற்றை விரல்தான் நீளும். தயிர்சாதம் நகத்தில் ஒட்டும், குழந்தை அந்த விரலையே சந்தேகமாகப் பார்க்கும். பிறகு உள்ளங்கை இறங்கும். விரலிடுக்கில் சாதம் பிதுங்கி வருவதைப் பார்த்ததும் முகம் மாறும். தட்டில் ஓங்கி ஒரு அடி. சத்தம் வருகிறது, திவலை தெறிக்கிறது. மறுபடி ஓர் அடி. அந்தக் கையே தலைமுடிக்குப் போகும், மணிக்கட்டில் ஒட்டிய பருக்கை கடைசியில் வாய்க்குப் போகும். ஸ்டுடியோவில் எடுக்க நினைக்கும் படம் முழுக்க இங்கேயே நடந்துவிடுகிறது.

இந்த நேரத்தில் பெரியவர்களுக்கு ஒரே வேலை, சும்மா இருப்பது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். கையைப் பிடிக்காதீர்கள், நடுவில் துடைக்காதீர்கள், “ஐயோ” என்று சொல்லாதீர்கள். முடிந்ததும் ஒரேயடியாகக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இரண்டாவது வாரம் கெட்டித் தயிருக்கு வாருங்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்தால் க்ரீம் பதம் வந்துவிடும். இரண்டு மூன்று இட்லியை அடுக்கி, அதன் மேல் இந்தத் தயிரைப் பூசிவைத்தால் குட்டிக் கேக் தயார். தோற்றமும் தொடுஉணர்வும் பழகும், சர்க்கரையும் இல்லை. பயிற்சிக்கு நிஜ கேக்கை வாங்கி வைக்க வேண்டாம். ஷூட் அன்று கேக் கொஞ்சம் புதிதாக இருந்தால்தான் முகத்தில் அந்த ஆர்வம் வரும்.

மூன்றாவது வாரம் ஒவ்வாமைச் சோதனை. கேக்கில் இருக்கப்போகும் கோதுமை, பால், முட்டை, முந்திரி போன்றவற்றைக் குழந்தை ஏற்கெனவே சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடாதது இருந்தால் ஒவ்வொன்றாக, இடையில் மூன்று நாளாவது விட்டு, காலை வேளையில் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். கொட்டைகள் என்றால் முழுதாக வேண்டாம், நைஸாகப் பொடித்து உணவில் கலந்துதான். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரப்பான் உள்ள குழந்தை, அல்லது ஏற்கெனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கடைசி வாரம் உடைக்கு ஒத்திகை. புதுத் துணியைத் துவைத்து, பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். வலைத்துணிப் பாவாடை இடுப்பை அறுக்கிறதா, சஸ்பெண்டர் கிளிப் குத்துகிறதா, எலாஸ்டிக் தழும்பு விழுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். தலைபேண்டைப் பிடுங்கி எறியும் குழந்தைக்குத் தலைபேண்ட் வேண்டாம்.

ஒன்றைப் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம். கையால் சாப்பிடும் குழந்தைக்கு ஓங்கரிப்பு வரும். முகம் சிவந்து, இருமி, சத்தத்தோடு துப்பிவிடும். அது இயற்கை தந்த பாதுகாப்பு. தொண்டை அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து, அப்போது சத்தம் வராது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவே 5 அழுத்தம். இதையே மாற்றி மாற்றிச் செய்யும்போது இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் இது தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மொட்டைக்கு முன்னா, பின்னா?

அழைப்பிதழில் படம் வேண்டும் என்பதால் பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஷூட் வைப்பவர்கள் அதிகம். நம் குடும்பங்களில் அதே சமயம்தான் குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையும் காதுகுத்தும் நடக்கும். இந்த இரண்டு தேதியையும் சேர்த்து யோசிக்காமல் ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு.

சுருட்டை முடியோடு படம் வேண்டும் என்றால் கோயிலுக்கு முன்பே ஷூட்டை முடித்துவிடுங்கள். மொட்டைத் தலையும் க்ரீமும் சேர்ந்தால் அதுவும் தனி அழகுதான். ஆனால் கத்தி பட்ட கீறல்கள் ஆறி, சந்தனம் காய்ந்த தோல் பழைய நிலைக்கு வரச் சில நாள் பொறுக்க வேண்டும். காதுகுத்து இன்னும் நிதானம் கேட்கும். துளை ஆற ஆறு வாரம் வரை ஆகலாம். அந்தப் புண்ணில் க்ரீமும் எச்சிலும் படுவது நல்லதல்ல. காதுகுத்து முந்திவிட்டால் ஷூட்டைத் தள்ளிப்போடுவதே சரி.

தடுப்பூசி போட்ட வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். சளி, பல் முளைக்கும் தொந்தரவு இருந்தாலும் அப்படித்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, “குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா தேதி மாத்திக்கலாமா?” என்று கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடை இன்னொரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்படி, குழந்தை தானாக நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். புதிதாக நடை பழகிய குழந்தை உட்காராது. உட்கார வைத்த மறுகணம் எழுந்து கதவைப் பார்த்துப் போகும். உங்கள் குழந்தை அந்தக் கட்டத்தில் இருந்தால் போட்டோகிராபரிடம் முன்பே சொல்லுங்கள். கேக்கைக் கனமான குட்டை ஸ்டூலில் வைத்து, நின்றபடியே தொட விடலாம்.

நேரத்தைக் குழந்தையின் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். காலைத் தூக்கம் முடிந்து, பாதி வயிறு நிரம்பிய நிலைதான் பொன்னான நேரம். ஸ்டுடியோவில் குழந்தை தூங்கும் 11 மணிதான் காலி என்றால் வேறு நாள் பாருங்கள்.

பேக்கரிடம் சொல்ல வேண்டியவை

அரைக் கிலோ கேக் போதும். அதையும் குழந்தை முழுக்கச் சாப்பிடப்போவதில்லை. சில வாய் உள்ளே போகும், மீதி தரைக்கும் உடைக்கும் போகும். அடியிலுள்ள அட்டையை டபுள் டேப்பால் தரையில் ஒட்டிவிட்டால் கேக் நகராது.

பூச்சுக்கு ஃபாண்டன்ட் வேண்டாம். ரப்பர் மாதிரி இருக்கும் அதைப் பிய்க்கக் குழந்தைக்கு வலு போதாது. மென்மையான க்ரீம்தான் சரி. விப்பிங் க்ரீம் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இளகும், பட்டர் க்ரீம் ஃப்ரிட்ஜில் இறுகும். எதுவானாலும் முன்கூட்டியே வெளியே எடுத்து, ஏ.சி. அறையில் வைத்து, விரல் வைத்தால் பதியும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பேக்கரே ஓரத்தில் ஒரு கரண்டி அளவு கேக்கை எடுத்துக் குழி போட்டுக் கொடுத்தால் குழந்தைக்குத் தொடங்க இடம் கிடைக்கும்.

நிறத்தில் அடக்கம் தேவை. கறுப்பு, அடர்நீலம், சிவப்பு க்ரீம் உதட்டிலும் பல்லிலும் கறையாக நிற்கும். சிவப்பு, படத்தில் ரத்தம் போலத் தெரியும். அதைவிட முக்கியம், அந்த அழுத்தமான நிறம் எதிலிருந்து வருகிறது என்பது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது, அதில் துணிச்சாயமான ரோடமின்-பி இருந்ததால். அதே ஆண்டு அக்டோபரில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை, சோதித்த கேக் மாதிரிகளில் 12-ல் செயற்கை நிறமிகள் பாதுகாப்பற்ற அளவில் இருந்ததாக எச்சரித்தது. ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் வகைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. வெள்ளை, வெளிர் மஞ்சள், பீட்ரூட் சாறு தரும் இளஞ்சிவப்பு ஆகியவையே படத்துக்குப் போதும்.

கேக்கின் மேல் தூவும் மினுமினுப்புப் பொடியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ‘நச்சில்லாதது’ என்று டப்பாவில் எழுதியிருந்தாலே சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் 2018-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். கேக்கில் பூசிய பொடியில் செம்பு அதிகமாக இருந்தது. 2019-ல் மிசூரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததைத் துப்பறிந்தபோது, முதல் பிறந்தநாள் கேக்கில் தூவிய அலங்காரப் பொடியில் ஈயம் இருப்பது தெரிந்தது. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2021-ல் இந்த இரண்டையும் அறிக்கையாகவே வெளியிட்டது.

தேன் கூடவே கூடாது. ‘சர்க்கரைக்குப் பதில் ஆரோக்கியமான தேன்’ என்று சில பேக்கர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஷூட் நடக்கும்போது குழந்தைக்குப் பதினொரு மாதம்தான் ஆகியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வித்துகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். அடுப்புச் சூட்டில் அந்த வித்துகள் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. ‘எங்க காலத்துல நாக்குல தேன் தொட்டு வெச்சுதான் வளத்தோம்’ என்கிற வீடுகளில் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சர்க்கரை முத்து, முழு முந்திரி, திராட்சை, ஜெல்லி, சாக்லேட் உருண்டை எல்லாம் தொண்டையில் சிக்கும். கேக்கின் மேல் செருகும் அலங்கார டாப்பரின் குச்சி, மின்னும் குட்டி விளக்குக்குள்ளிருக்கும் பட்டன் பேட்டரி இரண்டும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது. கேக் வாங்கும் இடம் வீடோ கடையோ, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். தயங்காமல் காட்டுகிறவரிடம் வாங்குங்கள்.

கேக்தான் வேண்டுமா?

இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த உணவே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஒருநாள் நான்கு வாய் க்ரீமால் குடி முழுகிவிடாது. ஆனாலும் மனம் ஒப்பாதவர்களுக்கு வழி இருக்கிறது. தர்பூசணியின் மேல்பாகத்தைச் சீவி, விதை நீக்கி வைத்தால் குழந்தை உள்ளே கைவிட்டுக் குடையும், சிவப்பும் பச்சையும் படத்தில் பளிச்சென்று விழும். வாழைப்பழமும் ராகி மாவும் சேர்த்துச் சுட்ட அடைகளை அடுக்கி, வடித்த தயிர் பூசலாம். பயிற்சிக்குச் செய்த இட்லிக் கேக்கையே பெரிய இட்லியில் மூன்று அடுக்காகச் செய்தாலும் கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. குழந்தைக்கும் பழகிய ருசி, தயங்காது.

ஸ்டுடியோவுக்குள்

குடும்பத்தோடு படையெடுக்க வேண்டாம். அம்மா, அப்பா, குழந்தை நன்றாக ஒட்டும் இன்னொருவர், மூன்று பேர் போதும். பதினைந்து நிமிடம் முன்பே போய், குழந்தையைத் தரையில் விட்டு அறையைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். ஃப்ளாஷை இரண்டு மூன்று முறை தூரத்திலிருந்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். டயப்பரோடு இருக்கும் குழந்தைக்கு ஏ.சி. 26 டிகிரி வாக்கில் இருந்தால் குளிராது.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் சுத்தமான முகத்தோடு தனிப்படம், குடும்பப் படம். அடுத்து கேக். கடைசியில் தண்ணீர்த் தொட்டி. கேக் வந்துவிட்டால் திரும்பப் போக முடியாது. கேக் பகுதி பத்து, இருபது நிமிடத்துக்கு மேல் நீளாது, நீட்டவும் கூடாது.

கொலுசு, தண்டை, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் முதலிலேயே யோசித்து முடிவெடுங்கள். க்ரீம் கொலுசின் சலங்கைக்குள் புகுந்தால் எடுக்க மாளாது. தளர்ந்த சலங்கை கழன்று கேக்கோடு வாய்க்குப் போகும் அபாயமும் உண்டு. கழற்றி வைப்பதே நல்லது. பலூன்கள் பின்னால் உயரத்தில் இருக்கட்டும். வெடித்த பலூன் துண்டு குழந்தையின் மூச்சை அடைக்கும். அதனால்தான் 8 வயதுக்குட்பட்டவர்களிடம் ஊதாத, உடைந்த பலூனைத் தர வேண்டாம் என்று அமெரிக்காவில் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்.

கேக் வைத்ததும் அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரட்டும். குழந்தை அம்மாவைப் பார்த்தால் அது கேமராவைப் பார்த்ததாகிவிடும். போட்டோகிராபரும் தரையில் படுத்துத்தான் எடுப்பார், குழந்தையின் கண் மட்டத்துக்கு வர அது ஒன்றே வழி. கூப்பிடுவது ஒரே குரலாக இருக்கட்டும். நாலு பக்கமும் நாலு பேர் கைதட்டினால் குழந்தை எதையும் பார்க்காது.

தொடத் தயங்கினால் அம்மாவே விரலால் க்ரீமைத் தொட்டு நக்கிக் காட்டலாம். ஒரு மரக்கரண்டியைக் கையில் கொடுக்கலாம், பிடித்த பழத்துண்டைக் க்ரீமில் பாதி புதைத்து வைக்கலாம். ஒரு நாளும் கையைப் பிடித்து உள்ளே அழுத்த வேண்டாம், மூக்கில் பூசிவிட வேண்டாம். ஒரு விரலால் மட்டும் தொட்டு, புருவத்தைச் சுருக்கி ஆராய்ச்சி செய்யும் குழந்தையின் படமும் நல்ல படம்தான். நல்ல போட்டோகிராபர் அதற்காகத்தான் காத்திருப்பார். அழுதால் தூக்கி, வெளியே நடந்து, பால் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டாவது முறையும் அழுதால் அன்றைக்கு அவ்வளவுதான்.

க்ரீம் சிந்திய வினைல் தரை வழுக்கும். எழுந்து நிற்கும் குழந்தையின் பின்னால், படத்தில் விழாமல், ஒரு கை தயாராக இருக்க வேண்டும். முடிந்ததும் முதலில் காய்ந்த துணியால் வழித்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். அந்தத் தொட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் இருக்கிறது என்று டவல் எடுக்கத் திரும்பாதீர்கள். குழந்தை மூழ்க அவ்வளவு போதும்.

வீட்டிலேயே எடுப்பவர்களுக்கும் இதே விதிகள்தான். ஜன்னலோரம், காலை வெளிச்சம், பின்னால் ஒரே நிறச் சுவரோ வேட்டியோ. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். செல்போனைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கி, பர்ஸ்ட் முறையில் தொடர்ந்து எடுங்கள்.

படம் எங்கே போகிறது?

ஒப்பந்தத்தில் எத்தனை படம் எடிட் செய்து தருவார்கள் என்று பார்க்கும் நாம், படத்தை ஸ்டுடியோ தன் பக்கத்தில் போடலாமா என்ற வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். வேண்டாம் என்றால் எழுத்தில் சொல்லுங்கள். இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பிரான்ஸ், குழந்தையின் படத்தின் மீது குழந்தைக்கே உள்ள உரிமையைப் பெற்றோர் காக்க வேண்டும் என்று 2024-ல் தனிச் சட்டமே போட்டது. தொட்டியில் குளிக்கும் படங்கள் வீட்டு ஆல்பத்தோடு நிற்கட்டும். பிறந்த தேதி, முழுப்பெயர், வீட்டு முகவரி மூன்றும் சேர்ந்த அழைப்பிதழைப் பொதுவில் பகிர வேண்டாம்.

பாட்டியின் கேள்வி

“சாப்பிடுற பொருளை இப்படி மிதிக்க விடலாமா?” வீட்டுக்கு வீடு எழும் இந்தக் கேள்வியைப் பழமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பருக்கை சிந்தினாலும் பொறுக்கி எடுத்த தலைமுறை கேட்பது அது. கேக்கைச் சின்னதாக வாங்குவதும், மேலடுக்கை மட்டும் குழந்தைக்குக் கொடுத்து கீழடுக்கை மற்றவர்கள் சாப்பிடுவதும், இட்லிக்கு மாறுவதும் அதற்கு நேர்மையான பதில்கள்.

ஆனால் பாட்டி கேட்காமல் விடும் இன்னொரு கேள்வி உண்டு. பிறந்தநாள் மாலை மண்டபத்தில் என்ன நடக்கிறது? சரிகைப் பட்டுக்குள் வியர்த்து, தூக்கம் கெட்ட குழந்தையின் கையில் கத்தியைப் பிடிக்க வைத்து, நாமே கேக் வெட்டுகிறோம். பிறகு பெரியப்பா, அத்தை, மாமா, அலுவலக நண்பர்கள் என வரிசையாக வந்து, போட்டோவுக்காக ஆளுக்கொரு துண்டு க்ரீமை அந்தச் சின்ன வாயில் திணிக்கிறார்கள். தலைக்கு மேல் பார்ட்டி பாப்பர் வெடிக்கிறது. எளிதில் தீப்பற்றும் ஸ்னோ ஸ்ப்ரேயை எரியும் மெழுகுவர்த்தி பக்கத்தில் அடிக்கிறார்கள். தன் பிறந்தநாளையொட்டித் தனக்கு வேண்டியதைத் தனக்கு வேண்டிய அளவு சாப்பிடக் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு, யோசித்துப் பார்த்தால், அந்தக் கேக் ஸ்மாஷ்தான். மண்டபத்திலும் அதே மரியாதையைக் கொடுங்கள். “யாரும் ஊட்ட வேண்டாம், அதுவே சாப்பிடும்” என்று மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பசித்தால் கைநீட்டவும், போதுமென்றால் முகத்தைத் திருப்பவும் ஒரு வயதுக் குழந்தைக்குத் தெரியும். அதைக் கவனித்து உணவு கொடுங்கள், தானாகச் சாப்பிட விடுங்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும். ஷூட்டுக்காகத் தரையில் விரித்த பெட்ஷீட் அந்தப் பழக்கத்தைத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பிறந்தநாள் முடிந்த மறுநாள் காலை, குழந்தையை மறுபடி இடுப்பில் ஏற்றி, இரண்டு கையையும் அடக்கிப் பிடித்து, காக்கா காட்டி ஊட்டத் தொடங்கினால், ஸ்டுடியோவுக்குக் கொடுத்த பணம் வெறும் ஒரு ஆல்பத்துக்குக் கொடுத்ததாகவே முடிந்துவிடும்.